450 கிலோமீட்டர் தொலைவில் ஒரு வாள் ஆசிரியர்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் காஸ்பர் என்றொரு ஊர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 59,000. அங்கே வேலை பார்க்கும் முப்பது வயதுப் பெண் ஒருத்திக்கு ஜப்பானிய வாள்கலை கற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் போவாள்? டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். அவசரமாகச் சொன்னால் பாதிதான் விளங்கும்.

முதலில் தூரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வயோமிங்கின் பரப்பு சுமார் 2.53 லட்சம் சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு தமிழ்நாடு. 2020 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலம் முழுவதும் சேர்ந்து மக்கள் 5.77 லட்சம் பேர். நம் சேலம் மாநகரில் இருப்பவர்களைவிடக் குறைவு. கராத்தே வகுப்பும் டேக்வாண்டோ வகுப்பும் இப்படிப்பட்ட ஊர்களில்கூட நடக்கும், ஏனென்றால் குழந்தைகள் சேருவார்கள், வாடகை கட்டுப்படியாகும். வாள் ஆசிரியர்கள் பெரும்பாலும் அந்த வருமானத்தை நம்பி இருப்பவர்கள் அல்லர். வேறு வேலை பார்த்துக்கொண்டு வாரத்தில் இரண்டு மாலை கற்றுக்கொடுப்பவர்கள். அவர்கள் இருக்கும் ஊரில்தான் கலையும் இருக்கும். காஸ்பரிலேயே ஒருவர் கிடைத்துவிட்டால் நல்லது. கிடைக்கவில்லை என்றே வைத்துப் பேசுவோம். அவளுக்கு அருகிலுள்ள பெருநகரம் கொலராடோவின் டென்வர். சுமார் 450 கிலோமீட்டர், சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற தூரம். குளிர்காலத்தில் பனிப்புயல் அடித்தால் அந்த நெடுஞ்சாலையை மூடியும் விடுவார்கள்.

தேடுவதற்கு முன், மனதில் இருப்பது எந்த வாள் என்று அவள் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பலருக்கு இந்த ஆசை ஒரு சினிமாவிலோ அனிமேவிலோ பார்த்த காட்சியில் தொடங்குகிறது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் காட்சிக்குள் பல கலைகள் கலந்து கிடக்கின்றன. கெண்டோ என்பது மூங்கில் பட்டைகளைக் கட்டிச் செய்த ஷினாயைப் பிடித்து, தலைக்கவசம், கைக்கவசம், மார்புக்கவசம் எல்லாம் அணிந்துகொண்டு, எதிரே நிற்பவரை உண்மையாகவே அடிப்பது. சத்தமும் வேகமும் வியர்வையுமாக இருக்கும். இயாய்டோவில் எதிரில் ஆள் இல்லை. உறையில் இருக்கும் வாளை உருவுவது, வெட்டுவது, திரும்பவும் உறையில் செருகுவது என்ற அசைவுகளை ஒருவர் தனியாக, உட்கார்ந்தும் நின்றும் செய்து பழகுவது. 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹயாஷிசாகி ஜின்சுகேவை அதன் முன்னோடியாகப் போற்றுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் வேரான பழைய மரபுகளுக்குக் கொர்யூ என்று பெயர். 1868-இன் மெய்ஜி ஆட்சி மாற்றத்துக்கு முன்பே தோன்றியவை. சிபா மாகாணத்தின் கட்டோரி ஆலயத்தோடு பிணைந்த கட்டோரி ஷிந்தோ மரபு 15-ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. அதில் சேருகிறவர் தன் ரத்தத்தால் ஒப்பமிட்டு உறுதிமொழி கொடுப்பது வழக்கம். இவை போக, சுருட்டி நனைத்த பாயை நிஜ வாளால் வெட்டிப் பழகும் குழுக்களும் உண்டு.

ஒவ்வொன்றையும் தேடும் வழி வேறு. கெண்டோவுக்கு உலகளாவிய அமைப்பு இருக்கிறது. 1970-இல் தொடங்கிய சர்வதேச கெண்டோ சம்மேளனத்தின் கீழ் நாட்டுச் சம்மேளனங்கள், அவற்றின் கீழ் வட்டாரச் சம்மேளனங்கள் என்று படிப்படியாக இருக்கும். எந்த ஊரில் யார் கற்பிக்கிறார்கள் என்பதை அந்த அலுவலகங்களில் கேட்டாலே சொல்வார்கள். இயாய்டோவிலும் பெரும்பகுதி இந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. கொர்யூ அப்படி இல்லை. ஒரு மரபுக்கு ஒரு கண்டம் முழுவதிலும் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆசிரியர்களே இருக்கலாம். அவர்களில் சிலர் விளம்பரமே செய்வதில்லை. யாராவது ஒருவர் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்தால்தான் கதவு திறக்கும்.

ஆசிரியர்கள் ஏன் சில ஊர்களில் குவிந்தும் சில ஊர்களில் இல்லாமலும் இருக்கிறார்கள்? இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். 1876-இல் ஜப்பானிய அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. வாளோடு வாழ்ந்தவர்களின் பிழைப்பு போனது, ஆனால் பயிற்சி காவல்துறையிலும் பள்ளிகளிலும் தொடர்ந்தது. அதே காலத்தில்தான் ஜப்பானியத் தொழிலாளர்கள் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கும், கலிஃபோர்னியாவுக்கும், கனடாவின் மேற்குக் கரைக்கும் கப்பலேறினார்கள். அவர்கள் குடியேறிய இடங்களில் கோயிலும் மொழிப்பள்ளியும் வந்தன, பிள்ளைகளுக்கு கெண்டோவும் வந்தது. வான்கூவரை அடுத்த ஸ்டீவ்ஸ்டன் என்ற மீனவர் குடியிருப்பில் 1972-இல் கட்டிய பயிற்சிக்கூடம் இன்றும் இருக்கிறது. அதனால்தான் கடற்கரையோரம் ஆசிரியர்கள் நிறைய, உள்நாட்டில் குறைவு.

வயோமிங்கிலும் ஒரு காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? அவர்கள் தாமாக வந்தவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய அமெரிக்கர்களை வீடு வாசலிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைத்தது. அப்படிப்பட்ட ஒரு முகாம் 1942 முதல் 1945 வரை வயோமிங்கின் ஹார்ட் மவுண்டனில், முள்வேலிக்குள் இருந்தது. அன்றைய வயோமிங்கில் மக்கள்தொகைப்படி அதுவே மூன்றாவது பெரிய ஊர். முகாம் மூடப்பட்டதும் மக்கள் கலைந்துவிட்டார்கள். ஒரு சமூகம் தங்கி வேர்விட்டிருந்தால் அதோடு ஆசிரியர்களும் தங்கியிருப்பார்கள். சிறைப்பட்ட இடத்தில் யார் வேர்விடுவார்கள்? பக்கத்துக் கொலராடோவின் கதை வேறு. அதன் ஆளுநர் ரால்ஃப் கார் இந்த அடைப்பு அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று அன்றே வெளிப்படையாகச் சொன்னவர், அதற்கு விலையாகத் தன் அரசியல் எதிர்காலத்தையே இழந்தவர். முகாம்களிலிருந்து வெளிவந்த பலர் டென்வரில் குடியேறினார்கள். இன்றும் டென்வரின் நடுவில் சகுரா சதுக்கமும் பௌத்த ஆலயமும் இருக்கின்றன. காஸ்பர் பெண்ணின் பார்வை தெற்கே டென்வர் பக்கம் திரும்ப வேண்டியதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

இதே கண்ணோடு பார்த்தால் வேறு தடயங்களும் தெரியும். ஜப்பானிய நிறுவனங்களின் கார் தொழிற்சாலைகள் உள்ள ஊர்கள், அதாவது ஹோண்டா 1982-இல் கார் தயாரிக்கத் தொடங்கிய ஒஹையோவின் மேரிஸ்வில், டொயோட்டா 1988-இல் தொடங்கிய கென்டக்கியின் ஜார்ஜ்டவுன் போன்றவை, விசாரித்துப் பார்க்கத் தகுந்தவை. ஜப்பானிலிருந்து குடும்பத்தோடு வரும் பொறியாளர்களில் பள்ளி நாளிலிருந்தே கெண்டோ செய்தவர் யாராவது இருப்பார். பல்கலைக்கழக ஊர்களும் அப்படியே. ஒரு ஆராய்ச்சி மாணவர் மூன்று வருடம் இருந்துவிட்டுப் போவார், அதற்குள் நாலு பேரைத் தயார் செய்துவிடுவார். ஜப்பானில் பணிபுரிந்து கற்றுத் திரும்பிய ராணுவத்தினரும் உண்டு. மேலைநாடுகளில் கொர்யூ பரவியதற்கு முக்கியக் காரணமான டான் டிரேகர் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் இருந்தவர். ஜப்பானிலேயே தங்கி, கட்டோரி மரபில் நுழைந்த முதல் மேலைநாட்டவர்களில் ஒருவரானார். 1982-இல் இறக்கும் முன் அவர் எழுதியதும் கற்பித்ததும் ஒரு தலைமுறையையே ஜப்பான் பக்கம் அனுப்பியது.

எனவே அவள் செய்ய வேண்டியது: வட்டாரச் சம்மேளனத்துக்கு ஒரு கடிதம். ஊரில் இருக்கும் ஐகிடோ ஆசிரியரிடமும் ஜூடோ ஆசிரியரிடமும் நேரில் போய் ஒரு விசாரிப்பு. ஐகிடோவில் மரவாளும் தடியும் பழகுவார்கள், அந்த ஆசிரியர்களுக்கு வாள்காரர்கள் யாரையாவது தெரிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பல்கலைக்கழகத்தின் ஜப்பானிய மொழித் துறையிலும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம்.

ஆள் கிடைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் சரியான ஆசிரியரா? ஆசிரியர் அரிதான ஊரில்தான் போலிகளுக்கும் இடம் கிடைக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு யாரும் இல்லையே. சர்வதேச கெண்டோ அமைப்பு தேர்வு வைத்துக் கொடுக்கும் ‘டான்’ என்ற தரநிலைகளில் ஒரு எளிய கணக்கு ஒளிந்திருக்கிறது. முதல் டானிலிருந்து இரண்டாவதுக்கு 1 வருடம் காத்திருக்க வேண்டும், இரண்டிலிருந்து மூன்றுக்கு 2 வருடம், மூன்றிலிருந்து நான்குக்கு 3 வருடம். இப்படியே கூட்டிக்கொண்டு போனால் முதல் டானிலிருந்து ஏழாவதுக்குக் குறைந்தது 21 வருடம். 14 வயதில் முதல் டான் வாங்கியவர்கூட 35-க்கு முன் ஏழாவதைத் தொட முடியாது. எட்டாவதுக்கு இன்னும் 10 வருடம், வயதும் 46 ஆகியிருக்க வேண்டும். அந்தத் தேர்வில் நூற்றுக்கு ஒருவர் தேறினாலே அதிகம். இந்தக் காலக்கணக்குக்குப் பொருந்தாத பட்டத்தை ஒருவர் சொன்னால், எந்த அமைப்பு கொடுத்தது, எந்த ஆண்டு என்று கேட்கலாம். கொர்யூவில் பழைய முறைப்படி டான் கிடையாது. படிப்படியாக ஏட்டுச்சுருளும் உரிமமும் கொடுப்பார்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் ஆசிரியர் யார், அவரை நீங்கள் கடைசியாகப் பார்த்தது எப்போது? மரபில் வந்தவர் இந்தக் கேள்வியால் கோபப்படமாட்டார். தன் ஆசிரியரைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார், ஜப்பானில் இருக்கும் அவரது ஆசிரியரைப் பற்றி இன்னொரு அரை மணி நேரம். ரகசிய மரபு, குரு மறைந்துவிட்டார், ஆவணங்கள் தீயில் போய்விட்டன என்று பதில் வந்தால் டீயைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புவதே நல்லது.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பார்கள்: இத்தனை சிரமம் எதற்கு, வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டால் என்ன? நியாயமான கேள்வி. பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

கெண்டோவில் 1912-இல் வகுத்த பத்து கட்டாக்கள், அதாவது நிலையான அசைவு வரிசைகள், இருக்கின்றன, ஏழு நெடுவாளுக்கு, மூன்று குறுவாளுக்கு. மரவாளோடு இருவர் எதிரெதிரே நின்று செய்வது. ஒருவர் தாக்குவார், மற்றவர் சமாளித்து வெல்வார். நாம் நினைப்போம், வெல்பவர்தான் மூத்தவர் என்று. இல்லை. தாக்கி, தோற்று, வெட்டுப்படுகிற பக்கத்தில் நிற்பவரே ஆசிரியர். எவ்வளவு தூரத்தில் தாக்குவது, எந்தக் கணத்தில் தாக்குவது என்பதை அவர் தீர்மானிக்கிறார். மாணவர் சீக்கிரம் நகர்ந்துவிட்டால் அவர் வாள் மாணவரைத் தொடர்ந்து வரும். தாமதித்தால் தலைக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் கற்பவரின் அன்றைய திறனுக்குச் சற்று மேலே அவர் அபாயத்தை வைக்கிறார், நேற்றைவிட அரை அடி நெருக்கமாக. பழைய மரபுகள் பலவற்றிலும் ஏற்பாடு இதுதான். தோற்கும் இடத்தை மூத்தவர் எடுத்துக்கொண்டு இளையவரை வெற்றிக்குப் பழக்குவது உலகின் அழகான கற்பித்தல் முறைகளில் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். இந்த மூத்தவர் வீடியோவில் இல்லை. திரையில் இருக்கும் வாள் உங்கள் தாமதத்தைப் பார்த்து வேகத்தைக் குறைக்காது.

குரு இல்லாமல் ரேடியோவைக் கேட்டே கீர்த்தனை பாடுகிறவர்கள் நம் ஊரில் உண்டு. ஸ்வரம் சரியாக விழும், சாகித்யம் மனப்பாடமாக வரும், கமகம் மட்டும் எங்கோ நழுவும். அது நழுவுவது பாடுகிறவர் காதுக்கே கேட்காது. தனியாக இயாய்டோ பழகுகிறவருக்கும் இதே கதிதான். வெட்டும் கோடு சாய்கிறது, வலதுகை இறுகிவிட்டது, தோள் ஏறிவிட்டது என்பதையெல்லாம் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல முடியும். இரண்டு வருடம் தவறாகப் பழகிவிட்டால் அதை அழிக்க நான்கு வருடம் ஆகும் என்று ஆசிரியர்கள் வருந்துவதில் மிகை இல்லை. உடலுக்கும் ஆபத்து உண்டு. வாளை உறையில் செருகும்போது உறையின் வாயை இடதுகை விரல்களால் பற்றியிருப்பார்கள், கூர்மையான வாள் என்றால் ஒரு கண நேரக் கவனக்குறைவு விரலைக் கேட்கும். கடைகளில் அலங்காரத்துக்கு விற்கும் மலிவான துருப்பிடிக்காத எஃகு வாள் இன்னும் மோசம். நல்ல வாளில் தகட்டின் வால் பகுதி அகலமாகப் பிடிக்குள் இறங்கி, மூங்கில் ஆணியால் பூட்டப்பட்டிருக்கும். அலங்கார வாளிலோ மெல்லிய கம்பி ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். வீசும்போது தகடு கழன்று பறந்தால் எதிரில் குழந்தை நின்றாலும் நிற்காது. அதைச் சுவரில் மாட்டலாம், ஒருபோதும் வீசக் கூடாது.

இனி அவளுக்கு என் யோசனை. எந்தக் கலை வேண்டும் என்ற பிடிவாதத்தைத் தளர்த்திக்கொண்டு, போய்வரக்கூடிய தூரத்தில் யார் நல்ல ஆசிரியரோ அவர் கற்பிப்பதைக் கற்கத் தொடங்க வேண்டும். அவளுக்குப் பழைய மரபு ஒன்றின் மேல் ஆசை இருக்கலாம். டென்வர் பக்கம் கெண்டோ ஆசிரியர் ஒருவர்தான் கிடைத்தார் என்றால் கெண்டோவில் சேரட்டும். அந்தப் பத்து கட்டாக்களும் அங்கே இருக்கின்றன, தூரத்தை அளக்கும் கண்ணும், பாதத்தைத் தேய்த்து நகரும் நடையும் அங்கேயே கிடைக்கும். சில வருடம் கழித்து அவளுக்கு வேண்டிய மரபின் ஆசிரியரைச் சந்திக்கும்போது, கற்கத் தெரிந்த ஒரு உடலோடு போய் நிற்பாள். இதைச் சமரசம் என்று நான் நினைக்கவில்லை. வாள்காரர்கள் பலர் இப்படித்தான் ஒரு கலையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

மாதம் ஒருமுறை வெள்ளி மாலை கிளம்பி, சனி முழுவதும் பயிற்சி செய்து, ஞாயிறு திரும்பலாம். நடுவில் உள்ள நாட்களில் ஆசிரியர் கொடுத்த இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் தினமும் பழகினால் போதும். புதிதாக ஒன்றும் சேர்க்க வேண்டாம். இங்கேதான் வீடியோவுக்கு நல்ல வேலை இருக்கிறது: தன் பயிற்சியைக் கைபேசியில் பதிவு செய்து ஆசிரியருக்கு அனுப்புவது. முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். திருத்தம் எழுத்தில் வரும், அடுத்த மாதம் நேரில் சரிபார்த்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு இடம் தேடும்போது கூரையின் உயரத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்க வீடுகளின் கூரை பெரும்பாலும் எட்டடிதான். ஒரு மீட்டர் நீள மரவாளைத் தலைக்கு மேல் சுற்றினால் விளக்கில்தான் போய் இடிக்கும். பள்ளி உடற்பயிற்சிக்கூடத்தின் மரத்தளம் காலுக்கும் நல்லது. வாங்க வேண்டியதும் ஆரம்பத்தில் அதிகமில்லை. கருவாலி மரத்தில் செய்த ஒரு மரவாள், கெண்டோ என்றால் ஷினாய் இரண்டு. ஷினாயின் மூங்கிலில் சிம்பு கிளம்பியிருக்கிறதா என்று ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் தடவிப் பார்க்க வேண்டும். அந்தச் சிம்பு கவசத்தின் கம்பிகளுக்கு நடுவே புகுந்து எதிராளியின் கண்ணைத் தொடக்கூடும். கவசத்தைப் பல குழுக்களில் முதல் சில மாதங்களுக்கு அணியவே விடமாட்டார்கள். இயாய்டோவுக்குத் துத்தநாக அலுமினியக் கலவையில் செய்த கூரில்லாத பயிற்சி வாள் இருக்கிறது. அதன் நீளம் ஆளின் உயரத்தைப் பொறுத்தது, ஆசிரியரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

தனியாள் என்றால் இது நெடுநாள் நீடிக்காது, கூட ஒருவர் வேண்டும். இருவர் சேர்ந்ததும் ஆசிரியரிடம், காஸ்பரில் உங்கள் மேற்பார்வையில் ஒரு பயிற்சிக்குழு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம். பல மரபுகளும் சம்மேளனங்களும் இதற்கு இடம் கொடுக்கின்றன. ஆசிரியர் ஒப்புதல் தந்து, எதைப் பழகலாம், எதைத் தொடக் கூடாது என்று எல்லை சொல்லி, வருடத்தில் ஓரிரு முறை வந்து பார்ப்பார். அந்தக் குழுவில் யாரும் தன்னை ஆசிரியர் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது. முன்னால் நிற்பவர் நேற்றுக் கற்றதை இன்று நினைவுபடுத்துகிறவர், அவ்வளவே. ஆசிரியர் வரும்போது பெட்ரோல் செலவு, இரண்டு இரவு தங்குமிடம், சாப்பாடு எல்லாம் குழுவின் பொறுப்பு. இதைக் கடிதத்தில் முதலிலேயே எழுதிவிட வேண்டும், அவர் கேட்கிறபடி வைக்கக் கூடாது. வரும் மாதத்தையும் யோசித்துக் கேட்க வேண்டும். மே மாதத்தின் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை அந்தச் சாலை பெரும்பாலும் திறந்தே இருக்கும்.